தடுத்த பந்துக்குக் கொடி இல்லை

அன்புத் தம்பி டெர்மட்டுக்கு,

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் என் மகள் சுகந்தி. எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். அவள் சனிக்கிழமைகளில் பான் நகரத்திலிருந்து ரயிலேறி டோர்ட்மண்டுக்கு வருவாள், குளிர்பெட்டியைத் திறந்து பார்த்து என்னை ஏசுவாள், ஒரு கிழமைக்கு மருந்தைப் பிரித்து வைப்பாள், பிறகு போய்விடுவாள். இன்றைக்கு அவளைப் பிடித்து மேசையில் இருத்தி வைத்திருக்கிறேன்.

"அந்த ஆளுக்குத் தமிழ் தெரியாதே, அப்பா" என்றாள்.

"எனக்கும்தான் வாசிக்கத் தெரியாது. அனுப்புறவனுக்கும் வாசிக்க ஏலாது, வாங்கிறவனுக்கும் வாசிக்க ஏலாது. நீ எழுதி எங்கடை ஆக்களின்ரை புத்தகத்திலை போடு பிள்ளை. தெரிஞ்சவை வாசிக்கட்டும்."

சிரித்துக்கொண்டு பேனையை எடுத்தாள். அதனால் இந்தக் கடிதம்.

தம்பி, நான் முதலில் கேட்க நினைத்ததையே கேட்கிறேன். நீ சொன்ன கதையில் அந்தக் கடைசிப் பந்து என்ன ஆனது? எதிர்ப்பக்கத்தான் குனிந்து பந்தைத் தூக்கினான், அடித்தான் என்று சொன்னாய். அந்த நேரம் பார்த்து எங்கள் ஆட்டத்துக்கு விசில் ஊதிவிட்டார்கள். நீ தொப்பியைக் கழற்றி உதறிக்கொண்டு, "மிச்சம் அடுத்த முறை, அண்ணை" என்றாய். அடுத்த முறை வரவில்லை. குளிர்காலம் வந்தது. பிறகு நீ போய்விட்டாய். அந்தப் பந்து மட்டும் என் தலைக்குள் நின்றுவிட்டது.

உன் முகத்தைவிட உன் முதுகுதான் எனக்கு நன்றாகத் தெரியும். அதைச் சுகந்தியிடம் சொன்னால் அவளுக்கு விளங்கவில்லை. நான் கோலுக்குப் பின்னால் நின்றவன், நீ கோலில் நின்றவன். வேறு எப்படி இருக்கும்?

முதல் நாள் உனக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது. நான் அயர்லாந்துக்காரரின் பியர் விற்கிற குடிமனையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். நீ கட்டட வேலை முடித்து, சப்பாத்தில் சீமெந்து காயாமல், பின்கதவால் வந்து நின்று புகைப்பாய். அன்றைக்கு நல்ல பனிமூட்டம். தெருவின் அந்தத் தொங்கல் முனையில் ஒரு டிராம் வந்துகொண்டிருந்தது. நீ சமையலறைக்குள் எட்டிப் பார்த்து எல்லோரிடமும் கேட்டாய், அது என்ன நம்பர் என்று. சமையல்காரருக்குத் தெரியவில்லை. கறி வெட்டுகிற எங்கள் பெடியன் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, டிராமையே காணவில்லை என்றான். நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நம்பரைச் சொன்னேன். எழுத்துத்தான் தெரியாது, எண் தெரியும். கடலில் பதினைந்து வயதிலிருந்து தூரத்துப் பாயைப் பார்த்தே ஆருடைய வள்ளம் என்று சொன்ன கண் இது.

டிராம் கிட்ட வந்தது. நான் சொன்ன நம்பர்தான். நீ சிகரெட்டை அணைத்தாய்.

"ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யிறியள்?"

"நித்திரை கொள்ளுறன்."

"கண்ணை மூடி வீணாக்காதேங்கோ. வாங்கோ, ஒரு இடத்திலை நிக்க வேணும். ஒண்டும் செய்யத் தேவையில்லை, பார்த்தால் போதும்."

இதையெல்லாம் நீ சொன்னது டொச்சில், ஜேர்மன்காரரின் பாஷையில். உன் டொச்சும் என் டொச்சும் சேர்ந்தால் ஒரு ஆளுக்கே காணாது. ஆனால் நீ சொன்னது எனக்குள் எங்கள் பேச்சாகத்தான் விழுந்தது, அப்படியே கிடக்கிறது. சமையலறைப் பெடியள் என்னை அண்ணை என்று கூப்பிட்டதைக் கேட்டு நீயும் அண்ணை என்றாய். பிறகு உன் ஆட்டக்காரர் எல்லோருக்கும் நான் அண்ணை. அதில் ஒரு பெண்பிள்ளையின் தாய் டெலிபோனில் என்னை "ஹெர் அண்ணை", திருவாளர் அண்ணை, என்று கூப்பிட்டாள். திருத்தப் போகவில்லை.

அந்த ஞாயிறு பூங்காவுக்கு வந்தால், நீங்கள் ஜேர்மன்காரரின் உதைபந்தாட்டக் கோலின் இரண்டு பக்கமும் கூரைத் தண்ணி இறங்குகிற பிளாஸ்டிக் குழாயைக் கட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். உங்கள் விளையாட்டுக்குக் கோல் கம்பம் மேலே நீண்டு போக வேண்டுமாம். குழாய் ஆடியது, சரிந்தது, ஒருவனின் தலையில் விழுந்தது. நான் போய்க் கயிற்றை வாங்கி வள்ளத்துக் கட்டுப் போட்டேன். பிறகு புயல் வந்தாலும் அது அசையவில்லை. "இந்த ஆளை விடாதே" என்று உன் கூட்டாளி சொன்னான். அதை அவன் சொன்ன மொழி எனக்குத் தெரியாது. முகம் சொன்னது.

ஹேர்லிங் என்ற உங்கள் அயர்லாந்து விளையாட்டை எங்கள் ஆட்களுக்கு எப்படிச் சொல்ல? சுகந்தி எழுதுகிறாள், வாசிக்கிறவர்கள் கேட்பார்கள். ஆளுக்கு ஒரு மர மட்டை, நுனி அகலம். பந்து சின்னது, தோல் பந்து, கல்லுப் போல. அதைத் தரையிலும் அடிப்பார்கள், வானத்திலும் அடிப்பார்கள், கையிலும் பிடிப்பார்கள், மட்டையில் ஏந்திக்கொண்டு ஓடுவார்கள். குறுக்குக் கம்பத்துக்கு மேலால் போனால் ஒரு புள்ளி. கீழால் வலைக்குள் போனால் கோல், அதற்கு மூன்று புள்ளி. கோலில் நிற்கிறவனுடைய மட்டைக்கு நுனி இன்னும் அகலம், கஞ்சி அகப்பை மாதிரி. நாயோடு நடக்கிற ஜேர்மன்காரர் நின்று பார்த்து, "இது ஹொக்கியோ?" என்று கேட்பார்கள். நீ ஒவ்வொருமுறையும், "இல்லை, ஹொக்கிக்குப் பைத்தியம் பிடிச்சால் இது" என்பாய்.

என் வேலை கோலுக்குப் பின்னால். வெள்ளைக் கோட்டுப் போட்டு இரண்டு கொடியோடு நிற்க வேண்டும். கோட்டுக்கு நான் சமையலறைக் கோட்டைக் கொண்டுவந்தேன். வெள்ளைக் கொடிக்கு மேசைத்துணி. பச்சைக் கொடிக்கு என் பெண்சாதி பரிமளத்தின் சேலையில் ஒரு துண்டு. அவள் காலமான பிறகு அலுமாரியில் கிடந்த சேலை. இருந்திருந்தால் கேட்டிருப்பாள், "என்ரை சேலையைக் கொண்டுபோய் வெள்ளைக்காரனுக்கு ஆட்டுறியளோ?" என்று. மேலால் போனால் வெள்ளை, உள்ளே போனால் பச்சை. ஒவ்வொரு கோலுக்கும் இரண்டு பேர் நிற்போம், அந்தப் பக்கத்துக்கு ஒருவர், இந்தப் பக்கத்துக்கு ஒருவர்.

கொடி பிடித்த முதல் நாளே உனக்கு எதிராகப் பச்சைக் கொடி தூக்கினேன். நீ பந்தைக் காலுக்கு அடியில் அமுக்கிவிட்டாய், ஆனால் அது கோட்டைத் தாண்டிவிட்டது. உன் ஆட்கள் எல்லோரும் என்னில் பாய்ந்தார்கள். நீ திரும்பிப் பார்க்காமலே கையைக் காட்டி அவர்களை நிற்பாட்டினாய். "அண்ணை சொன்னால் சரி."

ஆட்டம் முடிந்து குழாயைக் கழற்றும்போது நான் உன்னிடம் கேட்டேன்.

"தம்பி, மேலாலை போனால் வெள்ளை. உள்ளை போனால் பச்சை. நீ தடுத்தால் எந்தக் கொடி?"

"கொடி இல்லை."

"அப்ப நீ தடுத்தது எப்பிடித் தெரியும்?"

"தெரியாது" என்று சிரித்தாய். "நீங்கள் கையைச் சும்மா வைச்சிருங்கோ. அதுதான் எனக்கு."

அன்றைக்கு நான் இதைப் பெரிதாக எடுக்கவில்லை.

நீ கதை சொல்லத் தொடங்கியது உலகக்கிண்ணம் இங்கே நடந்த கோடையில். ஊர் முழுக்க, ஜன்னலில், காரில், நாய்க்குட்டியின் கழுத்தில் எல்லாம் கொடி. நானும் நீயும் பூங்கா மூலையில் இரண்டு கொடியோடு நின்றோம். பந்து வெளியே போனால் நான் எடுத்துவந்து உன் கையில் தர வேண்டும். அந்தச் சின்ன இடைவெளியில், முகத்தைத் திருப்பாமல், கண்ணை மைதானத்தில் வைத்துக்கொண்டு, நீ ஒரு வசனம் சொல்வாய். பிறகு பந்தை மேலே போட்டு அடித்துவிடுவாய். அடுத்த வசனத்துக்கு நான் அடுத்த பந்து வெளியே போகும்வரை காத்திருக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தான் நன்றாக அடிக்கிற நாளில் கதை நகராது. குறி தவறி அடிக்கிறவன் வந்தால் எனக்குச் சந்தோஷம்.

குடிமனையில் உன்னைக் கேட்டுப் பார்த்தேன். "பிறகு என்ன நடந்தது?" நீ கண்ணாடிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டு, "அது அங்கை நிண்டால்தான் வரும், அண்ணை" என்றாய். சரி என்று விட்டேன்.

என் ஞாபகத்தில் ஒரு வசனமும் தவறவில்லை. எழுதத் தெரிந்தவன் எழுதி வைத்துவிட்டு மறப்பான். எனக்கு மறக்க வழியில்லை. உன் மாவட்டத்துக்கு நீ கோல் காப்பாளர். டப்ளினில் பெரிய மைதானம், இறுதி ஆட்டம், சனம் கடல். நீ முதலில் வெளியே, மாற்றாட்கள் இருக்கிற வாங்கில் இருக்கிறாய். நனைந்த கோட்டின் மணம், வாங்குப் பலகையில் கழன்றிருந்த ஆணி, முழங்காலுக்குப் போர்த்திய கம்பளியில் ஓட்டை. எல்லாம் சொன்னாய். முதல் கோல் காப்பாளருக்கு விரல் முறிகிறது. உன்னைக் கூப்பிடுகிறார்கள். நீ ஓடுகிறாய். நீங்கள் இரண்டு புள்ளி முன்னுக்கு. கடைசி நிமிடம், கிட்டத்தில் இருந்து எதிர்ப்பக்கத்துக்கு ஒரு தண்ட அடி. கோல் விழுந்தால் தோல்வி. கோட்டில் நீ, உனக்கு இடமும் வலமும் ஒவ்வொருவர். அடிக்கிறவன் குனிகிறான். பந்தைத் தூக்குகிறான். அடிக்கிறான்.

விசில்.

அது பருவத்தின் கடைசி ஆட்டம். குழாயைக் கழற்றி நிலக்கீழ் அறையில் வைத்தோம். நீ உன் வழி, நான் என் வழி. குளிர்காலத்தில் நாங்கள் சந்தித்தால் முழங்கால் நோவைப் பற்றித்தான் பேசுவோம். பந்தைப் பற்றிக் கேட்க நான் வசந்தத்துக்குக் காத்திருந்தேன்.

குளிர் முடிகிற நேரம், ஒரு செவ்வாய்க்கிழமை, வேலை செய்த இடத்தில், தேத்தண்ணி குடிக்கிற கொட்டிலில், உட்கார்ந்த வாக்கில் நீ போய்விட்டாய் என்று குடிமனைக்காரர் எனக்குச் சொன்னார். என் கையில் கழுவிக்கொண்டிருந்த சட்டி. அதைக் கழுவி முடித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. தகனம் நடந்தபோது ஆறேழு பேர்தான். அதில் பாதி உன் ஆட்டக்காரர், வேலைச் சப்பாத்தோடு. ஜேர்மன் மனுசி ஒருத்தி உன் பெயரைப் பிழையாக வாசித்தாள். நான் பின் வரிசையில் நின்றேன். அங்கேயும் நான் உனக்குப் பின்னால்.

உன் தங்கச்சி நோரா வந்தது அதற்குப் பிறகு ஒரு மாதம் கழித்து. உன் சாம்பலை ஊருக்குக் கொண்டுபோக அன்ட்ராக் என்ற விண்ணப்பம், டேர்மின் என்ற நாள் குறிப்பு, முத்திரை என்று இழுபட்டுவிட்டது. எங்கள் கணக்கில் அது முப்பத்தோராம் நாள் செய்கிற நேரம். போனவனுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்போம். உனக்கு ஆர் செய்வார்கள்? நான் செய்தேன். புட்டு, மீன் குழம்பு, தேங்காய்ப்பால் சொதி. நீ சொதியைத் தேத்தண்ணிக் கோப்பையில் ஊற்றிக் குடிக்கிறவன் என்றபடியால் அதையும் ஒரு கோப்பையில் ஊற்றி வைத்தேன். சுகந்திக்குச் சிரிப்பும் அழுகையும்.

நோராவை வீட்டுக்குக் கூட்டிவரச் சொன்னதே ஒரு காரணத்தோடுதான். அவளுக்கு இங்கிலிஷ் மட்டும் தெரியும், சுகந்தி சொல்லித் தருவாள். அவள் வருமுன் நான் சுகந்தியிடம் சொல்லி வைத்தேன்.

"கடைசிப் பந்தைக் கேள் பிள்ளை. கோலோ, இல்லையோ? அவவுக்குத் தெரிஞ்சிருக்கும். அவை குடும்பமாப் போய்ப் பாத்திருப்பினம்."

"வந்த கையோடை கேக்காதேங்கோ அப்பா. முதல்லை சாப்பிடட்டும்."

நோரா வந்தாள். உன்னைப் போல அகலத் தோள், நரைத்த தலை, கையில் உன் மட்டை. உன் அறையைக் காலி செய்து எடுத்து வந்திருக்கிறாள். வாசலில் நின்று என்னைப் பார்த்து, "அண்ணை?" என்றாள். அந்த ஒரு சொல்லை நீ டெலிபோனில் சொல்லியிருக்கிறாய் போல. கதிரையில் இருந்தாள். புட்டைக் கரண்டியால் சாப்பிட்டாள். உறைப்பில் கண் கலங்கியது, ஆனால் நிற்பாட்டவில்லை. கோப்பையில் இருந்த சொதியைக் காட்டி, இது ஆருக்கு என்று கேட்டாள். சுகந்தி சொன்னாள். அவள் அதை எடுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டாள்.

நான் சுகந்தியின் காலை மேசைக்குக் கீழால் தட்டினேன். அவள் வாயைத் திறக்குமுன் நோராவே தொடங்கிவிட்டாள். மட்டையைத் தடவியபடி, யோசித்து யோசித்துச் சொன்னாள். சுகந்தி எனக்குத் தமிழில் தந்தாள்.

"இந்த மட்டையிலை இவ்வளவு அடி விழுந்து நான் பாத்ததில்லை எண்டு சொல்லுறா, அப்பா. ஊரிலை அவரின்ரை மட்டை எப்பவும் புதுசு மாதிரித்தானாம்."

"ஏன்?"

"அவர் விளையாடினதே இல்லையாம்."

எனக்கு விளங்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன்.

நோரா சொன்னது இதுதான், தம்பி. உங்கள் ஊரில் ஆள் பிறந்த கோயிற்பற்றுக்கு, அதாவது தன் தேவாலயத்து ஊருக்குத்தான் விளையாட வேண்டும். பக்கத்துக் கோயிற்பற்று வா என்று கூப்பிட்டாலும் போகிற வழக்கம் இல்லை. போனால் தகப்பன் முகம் கொடுக்க மாட்டார். உன் கோயிற்பற்றிலேயே, உன் வீதியிலேயே, உனக்கு ஒரு வயது மூத்த ஒருவன் இருந்தான். அவனைப் போலக் கோல் காப்பாளர் நாட்டிலேயே இல்லை என்பார்களாம். ஊருக்கும் அவன், மாவட்டத்துக்கும் அவன். நீ இரண்டு இடத்திலும் இரண்டாவது. அவனுக்கு ஒரு நாளும் காய்ச்சல் வரவில்லை. விரல் முறியவில்லை. ஆட்டம் தொடங்குமுன் அவன் கையைச் சூடாக்குவதற்கு நீ அவனுக்குப் பந்து அடித்துக் கொடுப்பாய். பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு வாங்கில் இருப்பாய். கலியாணம் கட்டாமல், வயது போகும்வரை.

"அவையின்ரை அம்மா ஆட்டத்துக்கு வேளைக்கே போவாவாம்" என்றாள் சுகந்தி. குரல் இறங்கிவிட்டது. "இவரைக் காண வேணுமெண்டால் ஆட்டத்துக்கு முதல்தானே காணலாம். அவர் பந்து அடிச்சுக் குடுத்து முடிஞ்சதும், 'என்ரை மாட்ச் முடிஞ்சுது, இனி ஆற்றையோ மாட்ச்' எண்டு சொல்லுவாவாம்."

"டப்ளினிலை?" என்று நானே கேட்டுவிட்டேன். அந்த ஊர்ப் பெயர் நோராவுக்கு விளங்கியது.

டப்ளினுக்கும் நீ போனாய். வென்றார்கள். உனக்கும் பதக்கம் கிடைத்தது, வாங்கில் இருந்தவர்களுக்கும் கொடுப்பார்களாம். அதை நீ அலுமாரித் தட்டில் வைக்கவில்லை.

"ஒரு நிமிசமாவது...?" சுகந்தி என்னைக் கேட்காமல் தானாகவே கேட்டாள்.

நோரா தலையை ஆட்டினாள். ஒரு நிமிடமும் இல்லை.

பிறகு அவள் கதிரையை முன்னால் இழுத்துக்கொண்டு, சுகந்தியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தே பேசினாள். எனக்கு இங்கிலிஷ் தெரியாது என்பதை மறந்துவிட்டாள். சுகந்தி என் பக்கம் திரும்பினாள். பிறகு சொன்னாள்:

"அப்பா, உங்களைத்தான் கேக்கிறா. 'நீங்கள் அவனுக்குப் பின்னாலை நிண்டனியளாம். நாங்கள் ஒருத்தரும் காணேல்லை. அவன் நல்லா விளையாடுவானோ?' எண்டு."

இரண்டு பெண்களும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுகந்தி மெல்ல, "உங்கடை கேள்வியைக் கேக்கட்டோ?" என்றாள்.

"வேண்டாம் பிள்ளை. நான் சொல்லுறதைச் சொல்லு."

அந்த ஹம்பேர்க் ஆட்டத்தைச் சொன்னேன், தம்பி. ஐந்து பேர் ஒரு ரிக்கற்றில் போகிற அந்தச் சனி ஞாயிறு ரயிலில், நின்று நின்று, மாறி மாறிப் போனோமே, அது. குழாய்களை ரயிலுக்குள் ஏற்றியதற்குக் கொண்டக்டர் கத்தினாரே. நீ அவருக்கு, "வீடு கட்டப் போறம்" என்றாயே.

மழை. கடைசி நிமிடம். சிவத்த தாடிக்காரன், மாடு மாதிரி, மூன்று பேரைத் தள்ளிவிட்டு வந்து கிட்டத்தில் நின்று அடித்தான். உன் இடது பக்கம், தரையோடு. அடித்த சத்தம் கேட்கும்போது பந்து வந்துவிட்டது. நீ விழுந்தாய். ஐம்பது வயது தாண்டிய ஆள், சேற்றில், குப்புற, கையை நீட்டி. பந்து உன் மட்டைக்கு அடியில். எனக்குப் பக்கத்தில் நின்ற ஹம்பேர்க் பெண்பிள்ளை பச்சைக் கொடியில் கையை வைத்துவிட்டாள்.

"உள்ளை போட்டுது!"

"நில் பிள்ளை" என்றேன்.

நீ அசையவில்லை. ஆட்கள் உனக்கு மேல் வந்து விழுந்தும் நீ மட்டையை இழுக்கவில்லை, பந்தை வெளியே தள்ளவில்லை. முகம் சேற்றுக்குள். அங்கிருந்தபடியே கத்தினாய்.

"அண்ணை! நான் அசைக்கேல்லை. வந்து பாருங்கோ!"

நான் மண்டியிட்டுப் பார்த்தேன். பந்து முழுதாகக் கோட்டைத் தாண்டினால்தான் கோல். சுண்ணாம்புக் கோட்டில் பாதிப் பந்து இருந்தது. அந்தப் பிள்ளையையும் குனிந்து பார்க்கச் சொன்னேன். அவள் பார்த்தாள். கொடியில் இருந்த கையை எடுத்தாள். நானும் என் இரண்டு கையையும் கீழே விட்டு நின்றேன். அவ்வளவுதான். ஹம்பேர்க்காரர் கத்தினார்கள், விசில் ஊதியது, நாங்கள் வென்றோம். வேடிக்கை பார்த்தது ஒரு நாயும் நாய்க்குச் சொந்தக்காரரும்.

சுகந்தி இதைச் சொல்லச் சொல்ல நோரா தன் கையால் மேசையில் ஒரு கோடு கீறினாள். பந்து எங்கே நின்றது என்று கேட்டாள். நான் உப்புப் போத்தலை எடுத்துக் கோட்டில் வைத்தேன். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உனக்கு வைத்த சொதியை எடுத்துக் குடித்தாள்.

மறுநாள் விமானத்துக்கு முன் பூங்காவைப் பார்க்க வேண்டும் என்றாள். குழாய் இல்லாத வெறும் கோல். அவள் போய் உன் இடத்தில் நின்றாள், மைதானத்தைப் பார்த்துக்கொண்டு. நான் பழக்கதோஷத்தில் பின்னால் போய் நின்றேன். அதே தோள். பெட்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது மட்டையை என் கையில் தந்துவிட்டாள்.

அவள் போன பிறகு எனக்குக் கோபம் வந்தது. மறைக்கவில்லை. உன் மட்டையை எதிர்க் கதிரையில் சாய்த்து வைத்து ஏசினேன். ஏன் எனக்கு அந்தக் கதையைச் சொன்னாய்? ஒரு கோடை முழுக்க ஒவ்வொரு வசனத்துக்கும் பந்து பொறுக்கினேனே. நான் படிக்காதவன், நம்புவேன் என்று நினைத்தாயோ? ஞாயிறு வந்தது. பெடியள் டெலிபோன் எடுத்து, "அண்ணை, வாறியளோ? புதுக் கீப்பர் வந்திருக்கிறார்" என்றார்கள். முழங்கால் ஏலாது என்றேன். அடுத்த ஞாயிறும் ஏலாது என்றேன். ஜன்னலால் பார்த்தேன். தூரத்தில் வருகிற டிராமின் நம்பர் இப்போதும் எனக்குத் தெரிகிறது. ஆருக்குச் சொல்ல?

பிறகு கதையைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். வாங்கில் இருந்த ஆணியைச் சொன்னாய், கோட்டின் மணத்தைச் சொன்னாய், கம்பளியின் ஓட்டையைச் சொன்னாய். மைதானத்துக்குள் ஓடிய பிறகு ஒன்றையும் அப்படிச் சொல்லவில்லை. கோல் வலை என்ன நிறம் என்றுகூட இல்லை. எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் விளங்கியது. "தடுத்தேன்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். விசில் ஊதிய பிறகும் சொல்லியிருக்கலாம். குழாய் கழற்றும்போது சொல்லியிருக்கலாம். குளிர்காலம் முழுக்க நேரம் இருந்தது. நீ சொல்லவில்லை. மிச்சம் எல்லாவற்றையும் சொன்ன வாய் அந்த ஒரு சொல்லைச் சொல்லவில்லை. தடுக்காத பந்தைத் தடுத்தேன் என்று சொல்ல உனக்கு ஏலாமல் போய்விட்டதோ? அல்லது நான்தான் கொடிக்காரன், நான் பார்த்துச் சொல்லட்டும் என்று விட்டாயோ? முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். முகத்தைக் காட்டியிருந்தால் கேட்டிருப்பேன்.

கோயிற்பற்று இல்லாத ஊருக்கு வந்துதான் உனக்குக் கோல் கிடைத்தது. தண்ணிக் குழாய் கட்டிய கோல். அதையும் பின்னால் நின்று பார்க்க வாய்த்தது நான் ஒருவன்.

நாளைக்கு ஞாயிறு. சுகந்தி கோட்டைத் தோய்த்து மடித்து வைத்திருக்கிறாள். நான் போகப் போகிறேன், தம்பி. புதுக் கீப்பர் யூனிவர்சிற்றியில் படிக்கிற பிள்ளையாம், நின்றால் வாய் திறக்க மாட்டானாம். பரவாயில்லை. குழாயை நான் கட்டுவேன். மேலால் போனால் வெள்ளை, உள்ளே போனால் பச்சை, ஆர் கத்தினாலும் கண்டதைத்தான் தூக்குவேன்.

டப்ளின் பந்து எனக்கு இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. அதற்கு நான் பச்சையும் தூக்க மாட்டேன், வெள்ளையும் தூக்க மாட்டேன். கண் இருக்கும்வரை உனக்குப் பின்னால் இரண்டு கையையும் கீழே விட்டு நிற்பேன். அதற்கு என்ன கருத்து என்று நீதான் எனக்குச் சொல்லித் தந்தாய்.

நீ திரும்பிப் பார்க்கத் தேவையில்லை.

கோலுக்குப் பின்னால் இருந்து,
உன் அண்ணை